லாகோஸ் துறைமுகம் எந்தப் பக்கத்தில் வரும்?

உலக வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். திருத்திய பதிப்பு பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தாள் போன தடவையைவிடத் தேவலை, அட்டையும் சீக்கிரம் கிழியாது போலிருக்கிறது. நன்றி. கையில் எடுத்ததும் கடல்வழிப் பாடத்தைத்தான் புரட்டினேன். எதற்கென்று உங்களுக்குத் தெரியும். முன்பே எழுதியிருக்கிறேன், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்தும் சொன்னேன், உங்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டதையும் பார்த்தேன். பாடத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. போர்ச்சுகல் இளவரசர் ஹென்றி கடலோடிகளை ஊக்குவித்தார். 1434இல் ஜில் இயானிஸ் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பொஜடோர் முனையைத் தாண்டினார். அடுத்த வாக்கியம் 1488, பார்த்தலோமியோ டயஸ், நன்னம்பிக்கை முனை. நடுவில் இருந்த 54 ஆண்டுகள் எங்கே போயின?

நான் கேட்பது அந்த இடைவெளியில் அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு பத்தி. ஒரே ஒரு பத்தி.

இந்த முறை பகிரங்கமாக எழுதுவதற்குக் காரணம் பருவத் தேர்வில் நடந்தது. கடற்பயணங்களில் ஹென்றியின் பங்கினை விவரிக்கச் சொல்லி ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. என் வகுப்புப் பெண் ஒருத்தி பாடத்தில் உள்ளதையெல்லாம் எழுதிவிட்டு, 1444இல் லாகோஸ் நகரில் இறக்கிய அடிமைகளில் ஐந்தில் ஒரு பங்கை ஹென்றி எடுத்துக்கொண்டார் என்றும் சேர்த்திருந்தாள். நான் வகுப்பில் சொன்னதுதான். விடைத்தாளைத் திருத்திய வேறு பள்ளி ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். கேட்டால், "விடைக்குறிப்பில் இல்லையே சார்" என்கிறார். அவரை நொந்து என்ன பயன்? விடைக்குறிப்பைப் பாடநூலைப் பார்த்துத் தயாரிக்கிறார்கள். பாடநூலை நீங்கள் எழுதுகிறீர்கள்.

சரி, தேவையற்ற அந்தச் செய்தியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1444 ஆகஸ்ட் 8. தெற்குப் போர்ச்சுகலில் உள்ள லாகோஸ் (நைஜீரியாவில் இருப்பது வேறு ஊர்). அங்கே அரசு வரி அதிகாரியாக இருந்த லான்சரோட்டே, ஹென்றியிடம் உரிமம் வாங்கி ஆறு கப்பல்களோடு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய்த் திரும்பியிருந்தார். கப்பல்களில் சரக்கு என்று இருந்தது 235 மனிதர்கள். பெரும்பாலோர் இன்றைய மொரிட்டானியாவின் அர்கின் வளைகுடாத் தீவுகளிலும் அந்தக் கரையோரத்திலும் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். ஊர் விழிப்பதற்குள் புகுந்து பிடித்திருக்கிறார்கள். சிலர் தப்பிக்க நினைத்துத் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள். சிலர் பிள்ளைகளைக் கரையில் கிடந்த கடற்பாசிக்குள் மறைத்து வைத்தார்கள். வந்தவர்கள் பிற்பாடு அந்தப் பிள்ளைகளையும் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

லாகோஸில் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று விடியலிலேயே இறக்கி, நகர வாயிலுக்கு வெளியே ஒரு திடலில் நிறுத்தினார்கள். அப்புறம் ஐந்து கூறாகப் பிரித்தார்கள். கூறுகள் சமமாக வர வேண்டும் அல்லவா? அதனால் அப்பன் ஒரு கூறில், மகன் இன்னொரு கூறில். கணவன் இங்கே, மனைவி அங்கே. ஒரு பக்கம் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் எதிர்ப்பக்கம் அப்பாவைக் கண்டதும் எழுந்து ஓடினார்கள். தாய்மார்கள் மிச்சமிருந்த குழந்தைகளை அணைத்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்து, அடியை எல்லாம் தங்கள் உடம்பில் வாங்கிக்கொண்டார்கள். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் அன்றைய வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து திடலை நிறைத்துவிட்டதால், கூறு போடுகிறவர்களுக்கு இடைஞ்சலாகிவிட்டதாம். ஹென்றி குதிரைமேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பங்கு 46 பேர். அவர்களை அங்கேயே தம் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். முதல் காணிக்கையாகத் தேவாலயத்துக்கு ஒருவர், துறவியர் மடத்துக்கு ஒரு சிறுவன்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஹென்றியின் எதிரி அல்லர். போர்ச்சுகல் அரசவையின் வரலாற்றாசிரியர் சுராரா. இளவரசரின் புகழ்பாட எழுதிய நூலில்தான் இத்தனையும் இருக்கிறது. இவர்களும் ஆதாமின் பிள்ளைகள்தானே என்று நினைத்துத் தனக்கே அழுகை வந்ததாகச் சொல்கிறார். அவர்களுடைய ஆன்மாவுக்கு மீட்பு கிடைத்துவிட்டது என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். அரசவைப் புகழுரையாளருக்கே மறைக்கத் தோன்றாத செய்தியை நாம் எதற்காக மறைக்கிறோம்?

கூட்டத்தில் எனக்குச் சொல்லப்பட்ட பதில் ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பிஞ்சு மனம் தாங்காது என்பது. இதே நூலில் தலை வெட்டும் கில்லட்டின் கருவியின் படம் இருக்கிறது, அரைப் பக்க அளவில். ஜாலியன்வாலா பாக் கிணறும் இருக்கிறது. அவற்றைத் தாங்கும் மனம் இதையும் தாங்கும். இன்னொரு பதில், அந்தக் காலத்தில் அடிமைமுறை எல்லா இடத்திலும் இருந்தது என்பது. இருந்தது. சகாரா பாலைவனத்தின் குறுக்கே அடிமை வணிகம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. ஆப்பிரிக்க அரசர்களும் விற்றார்கள். அதையும் பத்தியில் சேருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இங்கே வளர்ந்தது வேறு. 1452இலும் 1455இலும் போப் ஐந்தாம் நிக்கோலஸ் ஆணை கொடுக்கிறார், கிறித்தவர் அல்லாதவர்களை என்றென்றைக்கும் அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று. மதெய்ரா, சாவோ தோமே என்ற அட்லாண்டிக் தீவுகளில் கரும்புத் தோட்டம் எழுகிறது. கரும்புக்கு ஆள் வேண்டும். 1518இல் ஸ்பெயின் அரசர் சார்லஸ் தம் அவையில் வேண்டிய ஒருவருக்கு 4,000 ஆப்பிரிக்கர்களை அமெரிக்கத் தீவுகளுக்கு ஏற்றிச் செல்ல உரிமச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். சீட்டு வாங்கியவர் கப்பலேறாமலேயே அதை வணிகர்களுக்கு விற்றுவிடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் இந்த வணிகம் ஓய்வதற்குள் அட்லாண்டிக்கில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரை சேரவில்லை.

இவ்வளவும் நடந்திருக்க, உங்கள் நூலில் அடிமைகள் முதன்முதலாகத் தலைகாட்டுவது எங்கே தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பாடத்தில். விடுதலை பெறுவதற்கென்றே வருகிறார்கள். பிடித்தது யார், விற்றது யார், சீட்டுக் கொடுத்தது யார் என்ற பேச்சே இல்லை. லிங்கனுக்குப் படத்தோடு ஒரு பக்கம். மாணவர்கள் கேட்கிறார்கள், "சார், இவங்க அங்க எப்படிப் போனாங்க?" என்று. நான் கரும்பலகையில் படம் வரைந்து நடத்துகிறேன். நடத்தினால் மதிப்பெண் குறைகிறது. நடத்தாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மரியாதையாகக் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி எழுதுவதில் எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு. காங்கோ அரசர் முதலாம் அஃபோன்சோ. கிறித்தவத்தைத் தழுவியவர், போர்த்துக்கீசிய மொழியிலேயே மடல் எழுதியவர், அடிமை வணிகத்தில் தாமும் கொஞ்சம் கை நனைத்தவர். 1526இல் போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜானுக்கு எழுதுகிறார்: உங்கள் வணிகர்கள் தினமும் எங்கள் ஆட்களைப் பிடித்துப் போகிறார்கள், பிரபுக்களின் பிள்ளைகளையும் என் உறவினரையும்கூட விடவில்லை, நாடு காலியாகிறது, எங்களுக்குப் பாதிரியார்களும் பள்ளியில் கற்பிக்கச் சிலரும் போதும், திருப்பலிக்குத் திராட்சை ரசமும் மாவும் தவிர வேறு சரக்கு வேண்டாம். எவ்வளவு பணிவு! வணிகம் நிற்கவில்லை, பெருகியது. உங்கள் நூலில் அஃபோன்சோவுக்கு ஒரு வரி இல்லை. ஆனால் 'உங்களுக்குத் தெரியுமா?' பெட்டியில் வாஸ்கோ ட காமாவின் கப்பல் பெயர் இருக்கிறது. கொலம்பஸின் மூன்று கப்பல்களின் பெயரும் இருக்கிறது, பொருத்துக பகுதியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு. கப்பலுக்குப் பெயர் உண்டு, கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவனுக்குப் பாடமே கிடையாது. கடற்பயணங்களுக்குக் காரணங்கள் என்று நீங்கள் தரும் பட்டியலில் ஆர்வம், துணிவு, அறிவுத்தாகம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. பேராசைக்கு மட்டும் இடம் போதவில்லை போலும். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் நம் ஆட்களையே விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்களே, அது எந்த அலகில் வருகிறது என்று கேட்கப் போனால்…

மன்னிக்கவும். அது வேறு மடல். இப்போது கேட்பது லாகோஸ் மட்டும்.

அந்த ஊரிலேயே இந்த மறதி எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் அங்கே நிலத்தடி வாகன நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது, பழைய மதில்சுவருக்கு வெளியே, ஊர்க் குப்பை கொட்டிய இடத்தில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளும் அதில் உண்டு. சிலர் கைகள் கட்டப்பட்ட நிலையில் கிடந்தார்கள். எலும்புகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். வாகன நிறுத்துமிடம் திட்டப்படி எழும்பியது. ஊரின் நடுவில் ஹென்றிக்குச் சிலை இருக்கிறது. ஆனாலும் பிற்பாடு அங்கேயே அடிமை வணிகத்துக்கென ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். போர்ச்சுகல்காரர்களே ஒப்புக்கொண்டு கட்டடம் ஒதுக்கிவிட்டார்கள். நாம் ஒரு பத்தி ஒதுக்கத் தயங்குகிறோம்.

ஆகவே, தயவுசெய்து, அடுத்த அச்சுக்குப் போகுமுன் 1434க்கும் 1488க்கும் நடுவில் அந்தப் பத்தியைச் சேர்த்துவிடுங்கள். இடமில்லை என்றால் கப்பல் பெயர்ப் பெட்டியை எடுத்துவிடலாம், யாரும் தேட மாட்டார்கள். பன்னிரண்டு வரியில் நானே எழுதிப் பார்த்ததை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதையே போட வேண்டும் என்பதில்லை, உங்கள் நடையில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நூல் மாறும்வரை, விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்பினாலும் போதும்: 1444 பற்றி எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பாக வந்தால் நல்லது.

பணிவுடன்,
உலக வரலாறு நடத்தும் ஒரு பள்ளி ஆசிரியர்