பாப்பா பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள்

2025 ஜூன் மாதம் எங்கள் பாப்பாவை ஊரில் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வகுப்பு வாசலில் என் கையை உதறிவிட்டு அவளாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். திரும்பி நடக்கும்போது இந்தச் சேதியை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினேன், விரல் போதவில்லை. பாதிப் பேருடைய நம்பர் என்னிடம் இல்லை, சிலருடைய பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

பாப்பா பிறந்தது 2019 செப்டம்பரில். மூன்றாம் நாள் ஒரு டாக்டர் வராந்தாவில் நின்றபடியே, "டவுன் சிண்ட்ரோம் மாதிரித் தெரியுது, ரத்தம் எடுத்துப் பார்க்கணும், ரொம்ப எதிர்பார்ப்பு வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி முழுக்கக் குழந்தையின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், குறுக்கே ஒரே ஒரு ரேகை, அதுவும் இதற்கு ஓர் அடையாளமாம். பாலும் குடிக்கவில்லை. வாய் வைப்பாள், நாலு மடக்கு இழுப்பாள், அப்படியே தூங்கிவிடுவாள்.

நைட் டியூட்டியில் இருந்த சிஸ்டருக்குத்தான் என் முதல் நன்றி. "பிள்ளைக்குத் தசை கொஞ்சம் தளர்வா இருக்கும்மா, அதான் இழுக்கச் சத்தில்ல, உன் பால்ல ஒரு குறையும் இல்ல" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து, மூன்று விரல் மார்பைத் தாங்கவும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழந்தையின் இரண்டு கன்னத்தைத் தாங்கவும் வைத்துக் காட்டினார். தாடைக்குப் பிடிமானம் கிடைத்ததும் உறிஞ்ச ஆரம்பித்தாள். போதாத நேரத்துக்குப் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுக்கச் சொன்னார். எங்களிடம் பாலாடை இல்லை. விடிந்ததும் அவரே எங்கிருந்தோ ஒன்று வாங்கி, கொதிக்க வைத்துக் கொண்டுவந்து தந்தார். கடைவாயில் வைத்துக் கொஞ்சம் விட்டு, விழுங்கிவிட்டாளா என்று தொண்டையைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த சொட்டு. ஒரு அவுன்ஸ் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் இருந்ததால்தான் நான் அழுவதை நிறுத்தினேன் என்று நினைக்கிறேன், கை ஒரு வேலையில் இருந்தது.

சொந்தக்காரர்கள் வேறு ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்த ஜூலையில் சந்திர கிரகணம் வந்ததே, அன்றைக்கு ராத்திரி புழுக்கம் தாங்காமல் நான் மொட்டை மாடியில் படுத்திருந்தேன், அதுதான் காரணமாம். என் அத்தையும் அதை நம்பிவிட்டார். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில், டிஇஐசி என்பார்கள், பிறவிக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளைப் பார்க்கிற அரசு மையம், அங்கே இருந்த டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு நேராக என் அத்தையை எதிரில் உட்கார வைத்தார். செல்லுக்குள் இருக்கிற குரோமோசோம்களை ஒரு தாளின் பின்பக்கத்தில் ஜோடி ஜோடியாகக் கோடு போட்டு, 23 ஜோடி, அதில் 21ஆவது ஜோடியின் பக்கத்தில் மட்டும் இன்னொரு கோடு இழுத்து, "இவ்வளவுதாம்மா, ரெண்டு இருக்க வேண்டியது மூணா இருக்கு, இது கரு உண்டாகும்போதே தற்செயலா நடந்தது, உங்க மருமக எதுவும் செய்யல, உங்க மகனும் எதுவும் செய்யல" என்றார். அத்தை அந்தத் தாளை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து வீட்டில் யார் கிரகணப் பேச்சை எடுத்தாலும் அவர்தான் பதில் சொல்வார், "அது கிரகணத்துக்கு ஏழு மாசம் முன்னாடியே முடிஞ்சு போன விஷயம்." டாக்டரம்மா, உங்களுக்கும் நன்றி, என் அத்தைக்கும் நன்றி.

எக்கோ, அதாவது இதயத்துக்கு ஸ்கேன், எடுக்கச் சொன்னதும் அந்த டாக்டரம்மாதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்குமாம், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் எக்கோ பார்த்தே ஆக வேண்டுமாம். பாப்பாவுக்கு இருந்தது. 2020 பிப்ரவரியில் சென்னையில் ஆபரேஷன், ஐந்து மாதக் குழந்தைக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. அந்தக் கவுண்டரில் இருந்த தம்பி, எந்தத் தாள் குறைந்தாலும் என்னைத் திருப்பி அனுப்பாமல் எங்கள் ஊர் விஏஓ ஆபீஸுக்கே போன் போட்டுப் பேசினான். ரத்தம் கொடுக்க நம்ம பக்கத்துக் காலேஜ் பையன்கள் நாலு பேர் தாம்பரத்திலிருந்து வந்தார்கள். பேர் தெரியாது. வந்தார்கள், கொடுத்தார்கள், பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தம்பிகளா, உங்கள் ரத்தம் ஓடுகிற பிள்ளைதான் இன்று ஸ்கூலுக்குப் போகிறாள்.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் லாக்டவுன். ஆயிக்குடி அமர் சேவா சங்கத்திலிருந்து களப்பணியாளராக இருந்த ஒரு தங்கை எங்கள் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் ஐயா, தானே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய அமைப்பு. நாங்கள் ஆஸ்பத்திரி தேடி அலையாமல் வீட்டுக்கு ஆள் வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. வர முடியாமல் போனதும் அந்தத் தங்கை வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டாள், ஒரு தலையணையைக் குழந்தையாக வைத்துக்கொண்டு தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து செய்து காட்டுவாள்.

பாப்பா படுத்தால் இரண்டு காலும் தவளை மாதிரி விரிந்துவிடும். மூட்டு அவ்வளவு தளர்வு. அதற்கு அந்தத் தங்கை சொன்ன வழி, பழைய பனியன் துணியில் குழாய் மாதிரி ஒன்று தைத்து இரண்டு தொடையையும் சேர்த்து மாட்டிவிடுவது. என் வீட்டுக்காரர் டெய்லர், அளவு மாற மாற ஆறு தைத்தார். வாக்கர் வாங்கவே கூடாது என்பதில் கறாராக இருந்தாள், கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கணும் என்று போகிற வருகிறவர்களிடமும் சொல்ல வைத்தாள். பாப்பா உட்கார ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, நடக்க இரண்டரை வயது. நடந்த அன்று வீடியோ அனுப்பினேன், அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் வந்தது.

அப்புறம் நம்ம அக்கா. அவர்களுக்கும் இதே மாதிரி ஒரு மகள், அப்போது 15 வயது. யாரோ நம்பர் கொடுத்து முதல் தடவை போன் செய்தபோது "பாப்பா பேர் என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். அதுவரை ஒருவரும் பேர் கேட்கவில்லை. வருஷம் தவறாமல் தைராய்டு பாரு, காது பாரு, கண் பாரு, பேச்சு வரலன்னா முதல்ல காதுல நீர் கோத்திருக்கான்னு பாரு என்று எழுதியே வாங்கிக்கொண்டார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது அந்த மகள் காபி கலந்து கொண்டுவந்து, சூடு என்று சைகை காட்டி என் கையில் கொடுத்தாள். பாப்பாவின் வருங்காலத்தை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருந்த சாரையும் சொல்ல வேண்டும். தனித்துவ அடையாள அட்டை, 2,000 ரூபாய் மாத உதவித்தொகை (2023 ஜனவரிக்கு முன்னால் 1,500), நிராமயா என்கிற மருத்துவக் காப்பீடு, மூன்றையும் ஒரே நாளில் உட்கார வைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பலர் இதில் ஒன்று தெரிந்து ஒன்று தெரியாமல் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் தேடியபோது ஓர் இடத்தில் "மத்த பேரண்ட்ஸ் கேப்பாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊர் ஹெச்எம் டீச்சர் அப்படி எதுவும் கேட்கவில்லை, ரிஜிஸ்டரைத் திறந்து, "இவ நம்ம ஊர்ப் பிள்ளைதானே" என்று பேரை எழுதிவிட்டார். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். காலை உணவு ஆயாம்மா, உப்புமாவைத் தட்டின் ஓரத்தில் குவித்து வைக்கிறார், ஸ்பூனில் அள்ளச் சுலபமாக இருக்கும் என்று. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நைட் டியூட்டி சிஸ்டரைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்குப் போய்க் கேட்டோம், மாறுதலாகிப் போய்விட்டார் என்றார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை. அந்தப் பாலாடை இன்னும் எங்கள் வீட்டு சாமி அலமாரியில் இருக்கிறது. சிஸ்டர், எங்கே இருந்தாலும், பாப்பா இப்போது மூன்று இட்லி சாப்பிடுகிறாள், தன் கையாலேயே பிய்த்து, சாம்பாரில் தொட்டு.