வண்டியின் உயரத்தைக் கேட்காத வழிகாட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரவன் வண்டிகளில் குடும்பத்தோடு சுற்றுலா செல்லும் வழக்கம் நம் பக்கத்திலும் பரவி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வண்டிக்குள் படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் எப்படி அமைகின்றன என்று விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரை, அவ்வளவு பெரிய வண்டி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை எந்தக் கருவியிடம் கேட்பது என்ற கேள்வியைத் தொடவே இல்லை. நான் கம்பத்தில் சுற்றுலா வேன் தொழில் செய்து வருகிறேன். பிரிட்டனில் இருக்கும் மகள் குடும்பத்தோடு அங்கே வாடகை மோட்டார்ஹோமிலும் (தங்கும் வசதியுள்ள வண்டி) பயணம் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, கருவி வாங்கப் போகிறவர்களுக்கும், சாலைகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

'எந்த ஜி.பி.எஸ். நல்லது?' என்று என்னிடம் கேட்பவர்கள், இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி எது என்ற எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். அந்த வகையில் இன்று கருவிக்குக் கருவி பெரிய வேறுபாடு கிடையாது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் சமிக்ஞைகளைச் சாதாரணக் கைப்பேசியே சேர்த்து வாங்கிக்கொள்கிறது. புதிய கைப்பேசிகள் பலவற்றில் நம் இஸ்ரோவின் நாவிக்கும் உண்டு. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். அதற்கு இணையம் தேவையில்லை. மலைச்சாலையில் மட்டும் ஒரு தடுமாற்றம் வரும். லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது ஒரு பக்கத்துப் பாறை பாதி வானத்தை மறைத்துவிட, பாறையில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞையும் கலந்துகொள்வதால், வளைவுக்கு மேலே நிற்கும் வண்டியைத் திரை கீழ்ச்சாலையில் காட்டும். இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞை வாங்கும் கைப்பேசிகளில் இந்தக் கோளாறு குறைவு. எப்படியானாலும் அடுத்த வளைவுக்குள் அம்புக்குறி தானாகச் சரியாகிவிடும் என்பதால், இதற்காக யாரும் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

கேரவன்காரரை உண்மையில் மாட்டிவிடுவது, இருப்பிடம் சரியாகத் தெரிந்த பிறகு எந்தச் சாலையில் போகலாம் என்று முடிவு செய்யும் வரைபடம்தான். கூகுள் மேப்ஸ் நம்மிடம் காரா, இருசக்கர வாகனமா, பேருந்தா, நடையா என்று கேட்கிறது. வண்டியின் உயரம் என்ன, நீளம் என்ன, எடை என்ன என்று கேட்பதில்லை. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் 7 மீட்டர் நீளமும் உள்ள வண்டியை அது காராகவே எண்ணிக்கொண்டு வழி சொல்கிறது. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்த பிறகு, மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து கம்பம் வழியாக அங்கே செல்பவர்கள் கட்டப்பனைக்கும் ஏலப்பாறைக்கும் இடையில் படும் பாட்டை நான் நேரில் கண்டிருக்கிறேன். நாலைந்து நிமிடம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு, கைப்பேசிச் செயலி வண்டியைத் தோட்டத்துச் சாலைக்குள் திருப்பிவிடும். தொடக்கத்தில் தார் இருக்கும். தேயிலைச் சரிவில் இறங்கியதும் டயர் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் சிமெண்டு போட்டு, நடுவில் புல் வளர்ந்த ஜீப் பாதையாக அது மாறிவிடும். எதிரே ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிய ஜீப் வந்து நின்றால், திருப்ப இடமில்லாத கேரவன் ஏற்றத்தில் பின்னோக்கியே போக வேண்டும். கிளட்ச் கருகும் வாடை வருவதற்குள் ஜீப்காரர்களே இறங்கி வந்து கைகாட்டி எடுத்துவிடுகிறார்கள் என்பதால்தான் பலர் தப்பிக்கிறார்கள்.

வெளிநாட்டில் இதற்கென்றே கருவிகள் உள்ளன. கார்மின் நிறுவனத்தின் கேம்பர் வரிசை, டாம்டாம் நிறுவனத்தின் கோ கேம்பர் ஆகியவற்றில் வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றை முதலிலேயே பதிந்துவிட்டால், தாழ்வான பாலம், எடை வரம்புள்ள பாலம், குறுகிய தெரு ஆகியவற்றைத் தவிர்த்து அவை வழி சொல்லும். சிஜிக் போன்ற கைப்பேசிச் செயலிகளிலும் கட்டணம் செலுத்தினால் இந்த வசதி கிடைக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மோட்டார்ஹோம் எடுப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வண்டி வாடகைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வழிகாட்டிக் கருவிக்குக் கணக்குப் பார்ப்பது, யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான்.

ஸ்காட்லாந்தில் ஆப்பிள்கிராஸ் ஊருக்குப் போகும் பேலஹ் ந பா என்ற மலைச்சாலை 626 மீட்டர் உயரம் ஏறுகிறது. எங்கள் பக்கத்துப் போடிமெட்டு மலைச்சாலையில் ஓட்டிய கைக்கு அந்த உயரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் சாலை ஒற்றை வண்டி அகலம்தான், எதிர்வண்டிக்கு ஒதுங்க ஆங்காங்கே சிறு இடம் விட்டிருப்பார்கள். ஓட்டப் பழகுபவர்களுக்கும் மிகப் பெரிய வண்டிகளுக்கும் கேரவன்களுக்கும் முதல் மைலுக்கு மேல் இந்தச் சாலை ஏற்றதன்று என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். காருக்கான வரைபடத்தை மட்டும் நம்பி வருபவர் அந்தப் பலகை முன்னால் வந்து நிற்கும்போதுதான் விஷயத்தை அறிகிறார். கடலோரமாகச் சுற்றிப் போகும் நீண்ட வழியை வீட்டிலேயே தேர்ந்தெடுத்திருக்கலாம்.

ஐரோப்பாவுக்குள் நாடு மாறும்போது விதியும் மாறும். வேகக் கண்காணிப்புக் கேமரா இருக்கும் இடத்தை முன்கூட்டிச் சொல்லும் வசதியை பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் வண்டி ஓட்டும்போது பயன்படுத்துவது குற்றம். எல்லை தாண்டும் முன் அதை அணைத்துவிட வேண்டும். ஜெர்மன் நகரங்கள் பலவற்றின் மையப் பகுதிக்குள் நுழைய மாசு அளவைக் குறிக்கும் பச்சை வில்லையைக் (ஸ்டிக்கர்) கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். பிரான்சில் அதற்கு வேறு வில்லை. ஆஸ்திரியாவின் விரைவுச்சாலைகளில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்குச் சாலைக் கட்டணத்துக்கான சாதாரண வில்லை செல்லாது, தொலைவுக்கேற்பக் கட்டணம் பிடிக்கும் தனிப் பெட்டி பொருத்த வேண்டும். ஆகவே எடையைச் சரியாகப் பதிவது பாலத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

அங்கே நன்றாக உழைத்த கருவியைப் பாசத்தோடு ஊருக்கு எடுத்துவந்து இங்கேயும் பயன்படுத்தலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த ஆசையை வளர்க்க வேண்டாம். அங்கே வாங்கிய கருவியில் அந்தப் பகுதியின் வரைபடம்தான் இருக்கும். இந்திய வரைபடத்தைத் தனியே வாங்கி ஏற்றினாலும், எந்தப் பாலம் எவ்வளவு தாங்கும், எந்தச் சுரங்கப்பாதையில் எவ்வளவு உயரம் நுழையும் என்ற தகவல் அதில் இல்லையென்றால், நாம் பதிந்த உயரமும் எடையும் வெறும் எண்களாகவே கிடக்கும். இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். சமிக்ஞையை வாங்க மட்டும் செய்யும் வழிகாட்டிக் கருவிக்கு இங்கே தடை எதுவும் இல்லை; ஆனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதியும் சேர்ந்த கருவிகளை உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது சட்டவிரோதம். அப்படிப்பட்ட கருவியோடு விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்ச் சாலைகளுக்குக் கைப்பேசியே போதும் என்பேன். ஆனால் ஒரே செயலியை நம்பக் கூடாது. மலையில் பல இடங்களில் சிக்னல் அறுந்துவிடும் என்பதால், புறப்படுவதற்கு முன்பே தேனி, இடுக்கி மாவட்டங்களின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூகுளோடு, இந்திய நிறுவனமான மேப்மைஇந்தியாவின் மேப்பில்ஸ் செயலியிலும் அதே வழியைப் போட்டுப் பார்த்து, இரண்டும் வேறுபடும் இடத்தில் அகலமான சாலையைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம். ஆஸ்மண்ட் என்ற செயலியில் வண்டியின் உயரத்தையும் எடையையும் பதியலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் தன்னார்வலர்கள் குறித்து வைத்த தடைகளை அது கணக்கில் கொள்ளும், குறிக்காத தடையை அது அறியாது. 2024-ல் கூகுள் சென்னை, கோவை உள்ளிட்ட சில இந்திய நகரங்களில் குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் வசதியைக் கொண்டுவந்தது நல்ல தொடக்கம். ஆனால் அதுவும் நகரத்துக்கும் காருக்கும்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் நிற்கும் கைப்பேசி சூடேறித் திரை மங்கிப்போகும், ஏ.சி. காற்று படும் இடத்தில் தாங்கி பொருத்தினால் சமாளிக்கலாம். 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்த இடம் தருகிறது. என்னைக் கேட்டால் மலையில் அதுவும் வேண்டாம், பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துச் சொல்லட்டும்.

வண்டியின் உயரத்தை ஆர்.சி. புத்தகத்தில் தேடிப் பயனில்லை. அதில் எடை இருக்கும், உயரம் பெரும்பாலும் இருக்காது. விற்றவர் சொன்ன உயரத்தில் கூரை மேல் பின்னர் பொருத்திய ஏ.சி. பெட்டியும் சோலார் தகடும் சேர்ந்திருக்காது. சமதளத்தில் நிறுத்தி, கூரையின் மிக உயர்ந்த பாகத்தின் மேல் நேரான சட்டம் ஒன்றைப் படுக்கையாக வைத்து, அதன் முனையிலிருந்து தரை வரை டேப்பை இறக்கி அளக்க வேண்டும். அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டிவிட வேண்டும். ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் குறுக்கே நிறுத்தியிருக்கும் உயரத் தடுப்புக் கம்பியைப் பார்த்த நொடியில், எந்தக் கருவியையும் விட அந்தச் சீட்டுத்தான் உதவும்.

கருவி எவ்வளவு நல்லதானாலும், அதற்குச் சொல்லப்படாததை அது நமக்குச் சொல்லாது. சபரிமலை சீசனில் கூட்டம் மிகும் நாட்களில், கம்பத்திலிருந்து மேலே செல்லும் பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, திரும்பி வருபவற்றைக் குமுளி வழியாக இறக்கும் ஏற்பாட்டைக் காவல்துறை செய்கிறது. மிகவும் தேவையான ஏற்பாடு அது. ஆனால் வெளியூர் ஓட்டுநரின் கைப்பேசியோ லோயர்கேம்ப் வழியாகவே போகச் சொல்லிக்கொண்டிருக்கும். தடுப்பைக் கண்டு திரும்பும் பெரிய வண்டிகளால் கம்பம் நகருக்குள் நெரிசல் இரட்டிப்பாகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதையும், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதையும் பயணிகள் வேறு எங்கிருந்தோதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறை அருகே, கைப்பேசி காட்டிய வழியில் சென்ற ஐதராபாத் பயணிகளின் கார் மழையில் பெருகிய நீரோடைக்குள் இறங்கியது. நால்வரும் உயிரோடு மீட்கப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராமகங்கை ஆற்றின் மேல் முடிவடையாத பாலத்திலிருந்து கார் விழுந்ததில் மூவர் இறந்தனர். இவ்விரண்டிலும் பேச்செல்லாம் செயலியைப் பற்றியே எழுந்தது. அதற்கு மேல் சாலை இல்லை என்ற செய்தியை வரைபடத்துக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

எனவே தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். சீசன் கால ஒருவழிப் பாதை அறிவிப்பைச் செய்திக்குறிப்பாகவும் பிளக்ஸ் போர்டாகவும் வெளியிடும் அன்றே, நாள், நேரம், சாலைப் பெயர் ஆகியவற்றோடு வரைபட நிறுவனங்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைச்சாலைகளிலும் எவ்வளவு நீளமான வண்டி ஒரே திருப்பத்தில் வளையும், பாலங்கள் எவ்வளவு எடை தாங்கும், சமவெளியின் ரயில்வே சுரங்கப்பாதைகளில் எவ்வளவு உயரம் நுழையும் என்பதை இரு மாநில நெடுஞ்சாலைத் துறைகளும் ரயில்வேயும் அளந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் பட்டியலாக வெளியிட வேண்டும். அளவுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே அந்தந்த அலுவலகக் கோப்புகளில் இருக்கத்தான் செய்யும். கார்த்திகை முதல் நாளுக்கு முன்பு, முதற்கட்டமாக ஒருவழிப் பாதை விவரத்தையாவது கொடுத்துவிட்டால், இந்த ஆண்டு சீசனிலேயே பயன் தெரியும்.

இப்படிக்கு,
சுற்றுலா வேன் உரிமையாளர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.