பத்தாவது தேறியவனுக்கும் ஒரு பதிவு வேண்டும்

அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். கல்லல், புதுவயல், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கமிருந்து சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்குக் கிளம்பும் பிள்ளைகள் காகிதங்களை அச்செடுக்க வருகிறார்கள். விசா, டிக்கெட், மெடிக்கல் எல்லாம் சரியாக இருக்கும். அங்கே அடிபட்டால் யார் செலவு செய்வார்கள் என்று கேட்டால், "கம்பெனி பாத்துக்கும்ணே" என்பார்கள்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஏற்பாட்டிலேயே ஓட்டை இருக்கிறது. பத்தாவது தேறாதவர் மலேசியா, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிந்து குடியேற்ற அனுமதி வாங்கவேண்டும். அப்போது பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். பத்தாவது தேறியவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் சேரவும் இல்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐடிஐ முடித்து சிங்கப்பூர் போகிறவர்கள். சாரத்தில் ஏறி வேலை செய்யப்போகும் பிள்ளை, அவனுடைய நலனைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் எந்த மேசையையும் பார்க்காமலே திருச்சியில் விமானம் ஏறிவிடுகிறான்.

போகிற இடத்தில் உரிமை இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருப்பவருக்கு முதலாளிதான் மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும்; 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு. வேலையில் அடிபட்டால் ஓராண்டுக்குள் இழப்பீடு கோரலாம். தவறு முதலாளியுடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மலேசியாவில் 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரையும் பெர்கேசோ என்ற தொழிலாளர் காப்பீட்டு அமைப்பில் பதியவேண்டும். 2025 அக்டோபர் முதல் இபிஎஃப் என்ற சேமநிதியும் அவர்களுக்கு வந்துவிட்டது.

என் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கு சிங்கப்பூரில் இயந்திரத்தில் சிக்கி விரல்கள் நசுங்கின. ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள் என்று அவனுடைய நிறுவனம் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. நல்ல முதலாளி என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். நகையை அடகு வைத்து இங்கே ஆபரேஷன் செய்தார்கள். இழப்பீடு கோரலாம் என்று ஒருவர் சொன்னபோது கெடு தாண்டிவிட்டது. ஒரு தாள் தகவல் இல்லாமல் ஒரு குடும்பம் கடனாளியானதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, செட்டியார்கள் போன காலத்தில், மேலாளுக்கும் (கடையை நடத்துபவர்) அடுத்தாளுக்கும் (அவருக்கு அடுத்த நிலை ஆள்) சம்பளச்சீட்டு எழுதிவைத்துத்தான் எங்கள் ஊரில் கப்பலேற்றினார்கள். எத்தனை வருடம், என்ன சம்பளம் என்று இரு தரப்புக்கும் தெரியும். இன்று வொர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் போகிறவருக்கு, வேலை அனுமதி விவரம் சொல்லும் ஐபிஏ கடிதம் தமிழிலேயே வரவேண்டும் என்று அந்நாட்டு விதி இருக்கிறது. அதை உட்கார்ந்து படித்து விளக்கத்தான் ஆளில்லை.

காரைக்குடியில் வாரம் ஒரு நாள் முகாம் போடுங்கள். பத்தாவது தேறினாரா, நாடு எது என்று பார்க்காமல் கிளம்பும் எல்லோரையும் அயலகத் தமிழர் நல வாரியத்தில் அங்கேயே உறுப்பினராக்குங்கள்.  போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் என்னென்ன அட்டை கேட்டு வாங்கவேண்டும், காப்பீட்டு எண் எங்கே இருக்கும், அடிபட்டால் யாரிடம் எத்தனை நாளுக்குள் சொல்லவேண்டும் என்று நாட்டுக்கு ஒரு தாளைத் தமிழில் அச்சிடுங்கள். அதைக் கொடுக்காமல் எந்த ஏஜெண்டும் ஆளனுப்பக்கூடாது என்று உத்தரவு போடுங்கள்.

அந்தத் தாளின் இன்னொரு பிரதி அம்மாவிடமோ மனைவியிடமோ இருக்கவேண்டும். ஏதாவது நடந்தால் போன் வருவது அவர்களுக்குத்தான். எதிர்முனையில் பேசுகிறவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரும் ஜனவரி 12, அயலகத் தமிழர் தினத்துக்குள் முதல் முகாமை நடத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு கடைக்காரர்