வங்கப் பிரிவினையில் சொல்லாமல் விட்ட பாதி

அன்பு மகளுக்கு,

1905-இல் வங்கத்தைப் பிரித்தது நிர்வாக வசதிக்காகவா, வங்காளிகளைப் பிளப்பதற்காகவா என்று உன் கல்கத்தா அலுவலகத்தில் எழுந்த விவாதத்தைப் பற்றி எழுதி, என் கருத்தையும் கேட்டிருந்தாய். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். பீகாரும் ஒரிசாவும் சேர்ந்து ஏறத்தாழ 7 கோடியே 85 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தை ஒரே துணைநிலை ஆளுநர் கட்டி ஆள்வது கடினம் என்று வைஸ்ராய் கர்சன் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் சுமையைக் குறைப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், இந்தியும் ஒரியாவும் பேசும் பகுதிகளைத் தனியே பிரித்திருக்கலாம். அவர்களோ வங்காளிகளின் நடுவே கோடு கிழித்தார்கள். ஒன்றுபட்ட வங்கம் ஒரு சக்தி என்றும், பிரிந்தால் அது பல பக்கம் இழுபடும் என்றும் இந்திய அரசாங்கத்தின் உள்துறைச் செயலாளர் ரிஸ்லி 1904-இல் அரசாங்கக் கோப்பிலேயே எழுதிவைத்த பிறகு வேறு சாட்சி எதற்கு?

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. பிரிவினை நடைமுறைக்கு வந்த அக்டோபர் 16 அன்று பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. மக்கள் வெறுங்காலுடன் கங்கைக்கு நடந்து சென்று நீராடி, தாகூர் அழைத்தபடி ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டினார்கள். மான்செஸ்டர் துணியும் லிவர்பூல் உப்பும் விலக்கப்பட்டன. அந்த அலை நம் கரையையும் தொட்டது: 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும், 1907-இல் வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகளும் உனக்குத் தெரிந்தவைதாம்.

இவ்வளவையும் பெருமையோடு படித்த எனக்கு, கிழக்கு வங்கத்தின் ஏழைக் குடியானவன் என்ன நினைத்தான் என்ற கேள்வி வெகுநாள் எழவே இல்லை. நம் பாடப்புத்தகங்களும் அதை எழுப்பவில்லை. அவன் பெரும்பாலும் முஸ்லிம். நிலமோ பெரும்பாலும் இந்து ஜமீன்தாருடையது. விலை மலிந்த அந்நியத் துணியை வாங்காதே, விலை கூடிய சுதேசித் துணியை வாங்கு என்று ஜமீன்தாரின் ஆட்களே சந்தைக்கு வந்து மிரட்டியபோது, அவன் கண்ணுக்கு அது தேசபக்தியாக அல்லாமல் பழைய அதிகாரமாகவே தெரிந்திருக்கும். அப்துல் ரசூல் போன்ற முஸ்லிம் தலைவர்கள் இயக்கத்தில் முன்னணியில் நின்றார்கள் என்பதை மறுக்கவில்லை. கிழக்கு வங்கத்துப் பாரிசாலில் 1906-இல் கூடிய மாகாண மாநாட்டுக்கு, போலீஸ் தடியடி நடந்த அந்த மாநாட்டுக்கு, அவர்தான் தலைவர். ஆனாலும் டாக்காவைத் தலைநகராகக் கொண்ட புதிய மாகாணத்தில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் கிடைக்கும் என்று நம்பியவர்களே அங்கு அதிகம். முஸ்லிம் லீக் 1906 டிசம்பரில் டாக்காவில் பிறந்ததும், மறு ஆண்டு கொமில்லாவிலும் ஜமால்பூரிலும் இந்து-முஸ்லிம் கலவரம் மூண்டதும் இந்தப் பின்னணியில்தான். பிரித்தாளும் சூழ்ச்சி என்று வெள்ளையன்மீது மட்டும் பழிபோட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவன் ஆப்பு வைத்தது ஏற்கெனவே வெடித்திருந்த மரத்தில்.

1911 டிசம்பரில் டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் பிரிவினையை ரத்து செய்தார். அதே மூச்சில் தலைநகரையும் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றினார். மாகாணத்தை இழந்த டாக்காவுக்கு ஆறுதலாக ஒரு பல்கலைக்கழகம் தருவதாக அப்போதைய வைஸ்ராய் ஹார்டிஞ்சு வாக்களித்தபோது, கல்கத்தாத் தலைவர்கள் சிலர் அவரிடம் நேரில் சென்று அதையும் எதிர்த்தார்கள். 1921-இல்தான் அது திறக்கப்பட்டது. உன் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பார். என்ன பதில் சொல்கிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
அப்பா