உம்பளச்சேரிக்குக் காளைகள் வேண்டும்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். உம்பளச்சேரி மாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செவலையாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, டெல்டாச் சேற்றில் சளைக்காத உழவு. கொருக்கைப் பண்ணையில் நீங்களே இந்த இனத்தை வளர்க்கிறீர்கள். என் கவலை பண்ணைக்கு வெளியே உள்ள மந்தைகளைப் பற்றியது.

டிராக்டர் வந்த பிறகு உழவுக்கு மாடு தேவைப்படவில்லை. காளைக் கன்று பிறந்தால் சீக்கிரமே அடிமாடாகப் போய்விடுகிறது. பல ஊர்களில் கோயில் காளையும் இல்லை. பசு பருவத்துக்கு வந்தால் சினை ஊசிதான், அதுவும் பெரும்பாலும் ஜெர்சி. பால் விற்றுக் குடும்பம் நடத்துபவரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பசுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 100 பசுக்களுக்கு ஒரே காளை என்றால், மரபியல் கணக்கில் அது 2 காளையும் 2 பசுவும், ஆக 4 மாடுகள் மட்டுமே உள்ள மந்தைக்குச் சமம். பிறப்பதெல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள் அல்லவா? 5 காளைகள் இருந்தால் அந்த 4 என்பது 19 ஆகிவிடும். நாலு காளைகளைக் கூடுதலாகக் காப்பாற்றுவதில் இவ்வளவு பலன்!

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹோல்ஸ்டீன் என்ற கறவை மாட்டு இனமே சாட்சி. 1962இல் அமெரிக்காவில் பிறந்த 'சீஃப்' என்ற காளைக்கு மகள்கள் மட்டும் 16,000. பால் பெருகியது உண்மை. கூடவே, கருவைக் கொல்லும் ஒரு மரபணுக் குறையும் உலகெங்கும் பரவியது. அதனால் சுமார் 5 லட்சம் கருச்சிதைவுகள் நேர்ந்திருக்கும் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய இனம் அந்த அடியைத் தாங்கியது. உம்பளச்சேரி தாங்காது.

அதனால் கேட்கிறேன். உறவில்லாத மந்தைகளிலிருந்து காளைக் கன்றுகளைத் தேர்ந்தெடுத்து, வளர்ப்பவருக்குத் தீவனச் செலவைக் கொடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்களுக்கிடையே பொலிகாளைகளை மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் கிடேரிக் கன்றாகவே பிறக்கச் செய்யும் சினை ஊசியைக் கறவை இனங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த கணக்கெடுப்பில் உம்பளச்சேரிப் பொலிகாளைகள் எத்தனை என்பதை ஊர்வாரியாகத் தனியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு மாட்டுக்காரர்