அது லண்டன் இல்ல சார், மான்செஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா ஒரு இடத்துல மனசு கேக்கல. 1966-ல கூட்டத்துல இருந்து ஒருத்தர் டிலனைப் பாத்து "யூதாஸ்!"னு கத்தினாரே, அது லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல நடந்ததா போட்டிருக்கீங்க. அது அங்க நடக்கல சார். மான்செஸ்டர் ஃப்ரீ ட்ரேட் ஹால்ல, மே 17-ம் தேதி, செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்தது. லண்டன் கச்சேரி அதுக்கு ஒன்பது நாள் கழிச்சுதான், மே 26, 27 ரெண்டு நாள்.

கட்டுரை எழுதினவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், உலகமே பல வருஷம் அப்படித்தான் நம்புச்சு. 1970கள் ஆரம்பத்துல இந்தப் பதிவு திருட்டு ரெக்கார்டா சுத்த ஆரம்பிச்சப்பவே அட்டைல ஆல்பர்ட் ஹால்னு போட்டுட்டாங்க, அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. எங்க மாமா எனக்கு காப்பி பண்ணிக் குடுத்த கேசட்லயும் நீல மையில அதேதான் எழுதியிருந்தது, நானும் காலேஜ் முடியற வரைக்கும் லண்டன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்.

தேதி கண்டுபிடிக்கறது ஏன் அவ்ளோ கஷ்டம்னா, அந்த டூர்ல முதல் பாதி தனியா கிட்டாரும் மவுத் ஆர்கனும், ரெண்டாவது பாதி பேண்டோட எலக்ட்ரிக், பாட்டு லிஸ்ட் ராத்திரிக்கு ராத்திரி கிட்டத்தட்ட அதேதான், அதனால லிஸ்ட்ட வச்சு ஊரைச் சொல்லவே முடியாது. ட்ரம்ஸ கேட்டா கொஞ்சம் கிட்ட போகலாம், பேண்டோட வழக்கமான ட்ரம்மர் லெவன் ஹெல்ம் 1965 கடைசியிலயே கூட்டம் கூச்சல் போடறது தாங்காம போயிட்டார், இந்த டூர்ல அடிக்கறது மிக்கி ஜோன்ஸ், அந்த கனமான அடி கேட்டாலே தெரியும். ஆனா அவர் மான்செஸ்டர்லயும் இருந்தார், லண்டன்லயும் இருந்தார். அப்ப மிச்சம் இருக்கறது பாட்டுக்கு நடுவுல வர்ற இடைவெளிதான்.

அந்த இடைவெளிய ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க சார், தயவுசெஞ்சு. கடைசி பாட்டுக்கு முன்னாடி கிட்டார் ஸ்ருதி சேக்கற சத்தம், கூட்டம் சலசலங்குது, திடீர்னு ஒரே ஒரு குரல் தெளிவா "யூதாஸ்!"ங்குது. இயேசுவ காட்டிக் குடுத்தவன் பேரு, நாட்டுப்புறப் பாட்ட விட்டுட்டு எலக்ட்ரிக் கிட்டார் பக்கம் போனதுக்காக. சில பேர் சிரிக்கறாங்க, கைதட்டறாங்க. டிலன் கொஞ்சம் விட்டு, நான் உன்ன நம்பல, நீ பொய் சொல்றேன்னு இழுத்து இழுத்து சொல்றார், அப்புறம் பேண்ட் பக்கம், சத்தமா வாசிங்கன்னு கெட்ட வார்த்தையோட ஒரு குரல், உடனே ட்ரம் இடி மாதிரி விழுது. இதைக் கேட்டவங்க மான்செஸ்டர்ல உசுரோட இருந்தாங்க சார். அன்னைக்கு ஸ்கூல் பையனா அந்த ஹால்ல உக்காந்திருந்த சி.பி. லீ அந்த ராத்திரியப் பத்தி தனியா புத்தகமே எழுதினார்.

1998-ல கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனி முறையா ரெண்டு சிடியா வெளியிட்டப்ப மான்செஸ்டர்தான்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனாலும் பழகின பேர விட மனசில்லாம "ராயல் ஆல்பர்ட் ஹால்" கச்சேரின்னு மேற்கோள் குறிக்குள்ள போட்டாங்க. அந்த குறி என்ன சொல்லுதுன்னு பாக்காம படிக்கறவங்க இன்னும் லண்டன்னே எழுதறாங்க. 2016-ல அந்த டூர்ல கிடைச்ச பதிவெல்லாம் 36 சிடியா வந்துச்சு, உண்மையான ஆல்பர்ட் ஹால் கச்சேரியும் (மே 26) தனி ஆல்பமா வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யாரு வேணா கேக்கலாம், லண்டன்ல அந்தக் குரல் இல்ல.

ஊர் பேருதானேன்னு விட்டுடாதீங்க. அன்னைக்கு காசு குடுத்து டிக்கெட் வாங்கி, கோவப்பட்டு, கத்தி, கைதட்டின ஜனங்க மான்செஸ்டர்காரங்க, அவங்க ராத்திரி அவங்க பேர்லயே இருக்கணும்.

அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டா போதும்: 17 மே 1966, ஃப்ரீ ட்ரேட் ஹால், மான்செஸ்டர்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்,
திருச்சி