இலைக் கணக்கு

அன்புள்ள தேனு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது "ஆச்சி, ரசம்" என்று குரல் கொடுத்துவிடுகிறார்கள். இன்று செவ்வாய், ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். செவ்வாயன்று ஈ ஓட்டுவேன் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும், அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

மெஸ் தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. முகப்பில் நாலு பெஞ்சு, மதியச் சாப்பாடு மட்டும். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பாதி, உள்ளூர் ஆட்கள் பாதி. தினமும் காலையில் சமையல் அக்கா கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை இலைக்குப் போடட்டும்?" ஒரு நாள் அண்டா நிறையச் சோறு மிஞ்சும், மறுநாள் ஒன்றரை மணிக்கே வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு, பொங்கல் கழிந்த பிறகு வந்த 60 நாளையும் தினக்கணக்குச் சிட்டையிலிருந்து கூட்டி வகுத்தேன். 49 வந்தது. "அக்கா, 50 இலை, தினமும்" என்று சொல்லிவிட்டேன். கணக்கில் பி.எஸ்சி. முடித்தவள் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? ஆனால் நிலைமை அப்படியேதான் இருந்தது.

பிறகு ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், பேத்தியின் கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு பட்டாலையில் உட்கார்ந்தேன். இலை எண்ணிக்கையைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு நாளுக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து. கூட்டினால் 63 வருகிறது! 60 நாளில் 63 நாள் எப்படி வரும்? பார்த்தால், சரியாக 40 இலை, 70 இலை என்று போன மூன்று நாளை இரண்டு பிரிவிலும் போட்டிருக்கிறேன். மேல் எல்லை அந்தப் பிரிவில் சேராது, 40 என்றால் 40–50-க்குத்தான் போகும் என்று நம் காலேஜ் மேடம் தலையில் குட்டாத குறையாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருத்தினேன்:

20–30: 9 நாள்
30–40: 22 நாள்
40–50: 6 நாள்
50–60: 2 நாள்
60–70: 5 நாள்
70–80: 12 நாள்
80–90: 4 நாள்

அப்புறம் செவ்வகம் செவ்வகமாக, இடைவெளி விடாமல் ஒட்டி வரைந்தேன், நாம் காலேஜில் போட்ட ஹிஸ்டோகிராம்தான். வரைந்து முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது தேனு. இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு மேடு, நடுவில் பள்ளம். நான் சமைக்கச் சொன்ன 50 அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது! 40-க்கும் 60-க்கும் நடுவே வந்தது வெறும் 8 நாள். 31 நாள் நாற்பதைக்கூட எட்டவில்லை, 21 நாள் அறுபதும் அதற்கு மேலும். கிட்டத்தட்ட நடக்காத ஒரு நாளுக்காக நான் தினமும் உலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த 21 நாளைத் தேதி பார்த்தேன். 17 நாள் சனி ஞாயிறு, மிச்சம் நாலும் விடுமுறை நாள். ஆக இது ஒரே கடையில் நடக்கிற இரண்டு வியாபாரம். இதை எங்கள் ஐயா காலத்து ஐந்தொகை என்ற மொத்தக் கணக்கில் தேடினாலும் கிடைக்காது. அது கடைசிக் காசு வரை கூட்டிச் சொல்லும், பரவல் எப்படி என்று சொல்லாது. இப்போது சனி ஞாயிறும் விடுமுறையும் 80 இலை, மற்ற நாள் 40. சாதாரண நாளில் ஒரு மணிக்குள் 30 இலை விழுந்துவிட்டால் இன்னொரு சின்ன உலை. சோறு மிஞ்சுவது அறவே நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அக்கா இப்போது என்னைப் பார்த்து முணுமுணுப்பதில்லை.

பிரிவின் அகலத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. சோம்பேறித்தனமாக முப்பது முப்பதாகப் பிரித்துப் பார்த்தேன்: 20–50-இல் 37, 50–80-இல் 19, 80–110-இல் 4. படிக்கட்டு மாதிரி அழகாக இறங்குகிறது, இரண்டாவது திமிலையே காணோம்! இரண்டிரண்டாகப் பிரித்தாலோ பல் போன சீப்பு. எத்தனை பிரிவு போடலாம் என்பதற்கு ஸ்டர்ஜஸ் 1926-இல் ஒரு சூத்திரம் சொன்னார், நினைவிருக்கிறதா? அதன்படி 60 விவரத்துக்குச் சுமார் 7 பிரிவு. எனக்கும் ஏழுதான் வந்தது, தற்செயலாக.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை சராசரி 128 தானே, பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் எடுத்ததையும் சாப்பிட்ட பின் எடுத்ததையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டியிருக்கிறாய். நான் செவ்வாயையும் ஞாயிறையும் கூட்டின அதே வேலை. இரண்டையும் தனித்தனியாகப் பட்டியல் போடு. இன்னொன்று, 80–100, 100–120 என்று இருபது இருபதாக வந்துவிட்டு, கடைசியில் 120–200 என்று மொத்தமாக அள்ளிப் போட்டிருக்கிறாய். படமாக வரையும்போது அதன் உயரத்தை அப்படியே எடுக்கக்கூடாது. அகலம் நாலு மடங்கு என்பதால் உயரம் நாலில் ஒரு பங்கு, 12 தடவை வந்திருந்தால் 3. பரப்புதான் எண்ணிக்கை. இல்லாவிட்டால் உன் டாக்டர் படத்தைப் பார்த்துப் பதறிவிடுவார். அதைவிட, அந்த 120–200-ஐயே இருபது இருபதாக உடைத்துவிட்டு அவரிடம் காட்டு. எனக்கு அந்தப் பக்கம்தான் கவலை.

அவுகளுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. மாமரம் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. நீ வருவதாக இருந்தால் புதன், வியாழன் பார்த்து வா. ஞாயிறு வந்தால் உன் கையிலும் ரச வாளியைக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
சிகப்பி